படத்தைத் தொட்டால் கிடைக்கும்

இதில் ஒரு சொல் பொய்யென்றால், சொன்ன நாக்கு உப்பும் உறைப்பும் தெரியாமல் போகட்டும். அந்த மழலையர் பள்ளிக்குள் டீச்சர் நுழைந்தால் அழுகிற பிள்ளைகள் பாதி அழுகையில் நிறுத்திவிடும். ஒழுகிக்கொண்டிருந்த குழாயே ஒருமுறை நின்றுபோனது. பக்கத்துக் கட்டடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மனசு ஏன் லேசாயிற்று என்று புரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவ்வளவு சக்தியும் வாசலோரம் மாட்டியிருந்த பலகையிலிருந்துதான் வருகிறது என்று டீச்சர் நம்பினாள். பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி. டீச்சருக்கும் ஒன்று உண்டு, பிள்ளைகள் பார்த்துப் பழகுவதற்காக. கீழே கூடையில் அட்டை முகங்கள் கிடக்கும்: சிரித்தது, அழுதது, கோபப்பட்டது, பயந்தது. காலையில் வந்ததும் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தை எடுத்து மாட்ட வேண்டும். கடியன் என்று பேர் வாங்கிய பையன் இப்போதெல்லாம் கோப முகத்தை மாட்டிவிட்டுத்தான் கடித்தான். மற்றவர்களுக்கு ஒதுங்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. அதையும் முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் டீச்சரின் பெருமையெல்லாம் பூனைக்குட்டிதான். சத்தமில்லாமல் நடப்பதால் அந்தப் பேர். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத பிள்ளை. சேர்ந்த புதிதில் பொம்மையைத் தொடாது, மணலில் இறங்காது. டீச்சர் மடியில் வைத்துக்கொண்டு பலகையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாளே அது சிரித்த முகத்தை மாட்டியது. அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. பொம்மையை இன்னும் தொடவில்லைதான். ஆனாலும் பள்ளியை நடத்தும் பெரிய மேடம் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கொக்கியைக் காட்டினாள். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிள்ளையின் அப்பா பழரசக் கடைக்காரர். சாயங்காலம் ஆரஞ்சுத் தோல் வாசனையோடு வந்து நிற்பார். பிள்ளையைப் பார்க்குமுன் பலகையைத்தான் பார்ப்பார்.

அன்று காலை முகத்தை மாட்டிய பிறகும் பூனைக்குட்டி நகரவில்லை. டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தது.

“டீச்சர், இத எப்பக் குடுப்பீங்க?”

“எத கண்ணு?”

“இதான்.” விரல் சிரித்த முகத்தின் மேல் இருந்தது. “தெனமும் காட்டுறேன்ல. எங்க கடையில படத்தத் தொட்டா அப்பா ஒடனே குடுத்துடுவாரு.”

டீச்சருக்குக் கடைச் சுவர் நினைவுக்கு வந்தது. பேர் சொல்லத் தெரியாதவர்களுக்காக மாம்பழம், ஆரஞ்சு, மாதுளை என்று வரிசையாகப் படங்கள். தொட்டுக் காட்டினால் போதும், கோப்பை வந்துவிடும். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை, தன்னிடம் இல்லாததை இத்தனை நாளாகத் தொட்டுக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

டீச்சரிடம் பாட்டு இருந்தது, விரல் பொம்மை இருந்தது, மூக்கால் பேசும் யானை இருந்தது. ஆனால் வாயில் வந்தது கடைக்காரர்கள் சொல்வதுதான்.

“இன்னும் வரல, கண்ணு.”

“நாளைக்கு வருமா?”

“வரும்.”

பூனைக்குட்டி தலையாட்டியது. கூட்டமான கடையில் காத்திருந்து பழகிய பிள்ளை. போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டது.

அப்பாவிடம் சொல்லிவிடுவதென்று டீச்சர் பகல் முழுக்க வார்த்தை தேடி வைத்திருந்தாள். சாயங்காலம் அவர் வந்தார், பலகையைப் பார்த்தார். விறைத்திருந்த தோள் மெல்ல இறங்கியது.

“சிரிச்ச மொகம்தான் டீச்சர்,” என்றார். “வீட்ல ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. இங்க வந்து இதப் பாத்துட்டுப் போனாத்தான் எனக்கு ஒரு வாய் சோறு எறங்குது.”

தேடி வைத்ததையெல்லாம் டீச்சர் விழுங்கினாள்.

“ஆமாங்க,” என்றாள். “சிரிச்ச மொகம்தான்.”

அப்பாவும் பிள்ளையும் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, முகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டாள். கடைசிக் கொக்கி அவளுடையது. அங்கே கை நின்றது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கொக்கியில் சிரித்த முகத்தைத் தவிர வேறெதுவும் தொங்கியதில்லை.