பிந்திப் பிறந்த நீதிபதி

நீதிபதி பக்கீர் முகைதீன் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அது அவருக்கு அநியாயமாகப் பட்டது. அநியாயத்தைக் கண்டால் அவருக்குத் தெரியும்; இருபத்தெட்டு வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.

விஷயம் இதுதான். ஓய்வூதியம் என்பது கடைசிச் சம்பளத்தில் இத்தனை வீதம் என்று வரும். சேவைக் காலம் கூடக் கூட அந்த வீதமும் ஏறும். முப்பது வருடம் நிறைந்தால் முழு வீதம். இவருக்கோ இருபத்தெட்டிலேயே வயது வந்து கழுத்தைப் பிடித்தது. அதைவிட நெஞ்சில் குத்தியது வேறொன்று. அவர் மன்றுக்குள் நுழைந்தால் சட்டத்தரணி, பொலிஸ், களவெடுத்தவன், களவு கொடுத்தவன் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஓய்வூதியத்தோடு அதையும் மாதாமாதம் அனுப்பிவைப்பதாக எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. சாய்ந்தமருது வீட்டுக்குள் அவர் நுழைந்தால் மனைவி கமீலா டீவியிலிருந்து தலையைத் திருப்புவதுகூட இல்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. வாப்பாவுக்கு முதலில் பிறந்த மகனின் பெயரும் பக்கீர் முகைதீன்தான். அந்தப் பிள்ளை கைக்குழந்தையாகவே காய்ச்சலில் மவுத்தானது. இரண்டு வருடம் பிந்திப் பிறந்த இவருக்கு அதே பெயரை வைத்தார்கள். பெயரோடு பிறப்புச் சான்றிதழையும் வைத்துவிட்டார்கள். நல்ல சான்றிதழ் ஒன்று வீட்டில் சும்மா கிடக்க, இன்னொன்றுக்காக பஸ் ஏறுவானேன் என்று வாப்பா நினைத்திருப்பார். அந்தக் கடதாசியோடுதான் இவர் பள்ளிக்கூடம் போனார், சட்டம் படித்தார், நீதிபதியானார். மற்றவர்களை முந்திக்கொண்டு போன காலமெல்லாம் அந்த இரண்டு வயது அவரை உறுத்தவில்லை. ஓய்வுக் கடிதம் வந்த அன்றுதான் மனச்சாட்சி விழித்துக்கொண்டது.

உண்மையான வயதை நிரூபித்தால் இன்னும் இரண்டு வருடம் ஆசனத்தில் இருக்கலாம். அவர் லீவு போட்டார். உச்சி வெயிலில் கறுப்புக் கோட்டும் மாட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார். கையில் பள்ளிவாசல் கடிதம் ஒன்று, ஊர்க் கிழவர்கள் இருவரின் சத்தியக்கடதாசிகள் இரண்டு. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அது போதும் என்பது அவருடைய தீர்ப்பு.

பதிவுப் பிரிவில் நப்லா என்ற பெண் உத்தியோகத்தர் இருந்தார். ஒரு படிவத்தை நீட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நீதிபதி படிவத்தைத் தொடவில்லை.

"நான் ஆரெண்டு தெரியுமா தங்கச்சி?"

"அதத்தான் சேர் அந்தப் படிவத்துல கேட்டிரிக்கி."

நிரப்பினார். நப்லா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இவ்வளவு காலமும் மவுத்தான மூத்த நானாவின் சான்றிதழைப் பாவித்ததற்கு விளக்கம் வேண்டும் என்றார். அறியாப் பருவத்தில் பெற்றோர் செய்த பிழை என்றார் நீதிபதி. அப்படிச் சொன்னால் ஏற்கக்கூடாது என்று ஒரு மன்றுக் கட்டளை இருப்பதாகச் சொல்லி, நப்லா கோப்பிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். மருதமுனைக்காரர் ஒருவர் செத்த நானாவின் சான்றிதழில் கடவுச்சீட்டு எடுத்துக் கட்டாருக்குப் போகப் பார்த்த வழக்கு அது.

நீதிபதி வாசித்தார். 'பெற்றோர் செய்த பிழையைப் பராயமடைந்த பின்னும் அனுபவிப்பவன், அப்பிழையைத் தானே நாளாந்தம் புதிதாகச் செய்கின்றான்.' நல்ல வசனம். எழுதியவருக்குத் தமிழும் வரும் சட்டமும் வரும் என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தார். கையெழுத்து அவருடையது.

"அந்த ஆளுக்கு ஆறு மாசம் மறியல் குடுத்தீங்க சேர்," என்றார் நப்லா, ஞாபகப்படுத்தும் குரலில்.

நீதிபதி கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, பக்கத்து மேசையான ஓய்வூதியப் பிரிவுக்கு நகர்ந்தார். அங்கே இருந்தவர் குணம் என்ற உத்தியோகத்தர். இந்த ஊர்ப் பென்சன்காரர் அத்தனை பேரின் முழங்கால் வலியும் அவருக்கு மனப்பாடம். அவர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், நீங்க இளையவர் எண்டா, சோதினை பாஸ் பண்ணி நியமனம் எடுத்தது ஆரு? மூத்தவர். இருபத்தெட்டு வருசம் சம்பளம் எடுத்ததும் அவர்தான். பைல் அவருட பேருல இரிக்கி. அவர் செத்து அறுபது வருசமாகுது எண்டு நீங்களே சத்தியக்கடதாசி கொண்டந்திருக்கிறீங்க. செத்தவருக்குப் பென்சன் குடுக்கேலாது. உங்களுக்குக் குடுக்க, உங்களுக்குச் சேவையே இல்ல."

"அப்ப நான் குடுத்த தீர்ப்பெல்லாம்?"

"அது என்ட பிரிவு இல்ல சேர்."

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கமீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கமீலா அன்றைக்கு டீவியின் சத்தத்தைக் குறைத்தார். அத்தனை கவனமாகக் கேட்டார். பிறகு மீன் துண்டொன்றை அவருடைய பீங்கானில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"இஞ்ச பாருங்க, நம்மட கலியாணப் பதிவு காவின்லயும் மூத்தவர்ர பிறந்த திகதிதானே இரிக்கி? அப்ப நான் கலியாணம் முடிச்ச மனிசன் மவுத்தா? நான் புருசன் மவுத்தானவளா இத்தா இரிக்கணுமா, இல்லாட்டி அன்னிய ஆம்பிள எண்டு உங்களுக்கு முன்னால முக்காடு போடணுமா? ரெண்டுல ஒண்டச் சொல்லுங்க."

நீதிபதி மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். அன்றுவரை எந்த வழக்கிலும் அவர் ஒரு தவணைக்குள் தீர்ப்புச் சொன்னதில்லை. இதில் சோற்றுப் பீங்கான் வெறுமையாவதற்குள் முடிவெடுத்துவிட்டார். குறைந்த வீதமானாலும் அது உயிரோடிருப்பவனின் பென்சன்.

அடுத்த நாள் கோட் இல்லாமல் போனார். விண்ணப்பத்தை வாபஸ் வாங்க வேண்டும் என்றார். அப்படிச் சும்மா வாங்க முடியாது, வந்திருப்பது மூத்தவர் என்றால் விண்ணப்பித்த இளையவர் எங்கே, ஏன் வாபஸ் வாங்குகிறார் என்று எழுத்தில் தர வேண்டும் என்றார் நப்லா. நீதிபதி பேனையைத் திறந்தார். ஒரு நிமிடம் கூரைக் காற்றாடியைப் பார்த்தார். பிறகு வழக்குப் புத்தகத்தில் எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில், ஒரு வெட்டும் இல்லாமல் எழுதினார்:

'மேற்படி விண்ணப்பதாரர் பற்றி நான் நேரில் தீர விசாரித்தேன். அப்படி ஒருவர் ஒருபோதும் பிறக்கவில்லை.'

கீழே முழுப் பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டார். பதவிக்கு மட்டும் இரண்டு தரம் கோடிழுத்தார்.