சிவப்பு வட்டத்துக்கு முந்தின நாள்

அக்கா, தூங்கிட்டியா? எழுந்திரு. எனக்கு போன் பண்ணாத. பாத்ரூம்ல உக்காந்து டைப் பண்றேன், பேசினா வெளியில கேக்கும். எழுத்து தப்பா வந்தா நீயே சரியா படிச்சுக்கோ.

புது மின்லைன் வந்ததுலேர்ந்து இங்க கரண்ட் போறதே இல்லல்ல? ஊருக்கே சந்தோஷம், நமக்குத்தான் வயித்துல அடி. வாடகைக்குப் போன ஜெனரேட்டர் ஒவ்வொண்ணா திரும்பி வந்து ஷெட்ல நிக்குது. "எட்டுப் பிள்ளையில அஞ்சு வேலைவெட்டி இல்லாம வீட்டோட கெடக்கு"ன்னு அப்பா சிரிப்பார். வாங்க ஆள் இருக்கும்போதே நாலை வித்துட்டு சோலாருக்கு மாறுங்கப்பான்னு நீ அப்பவே சொன்ன. "நீ படிச்சவ, பேசுவ. நான் டீசல் புகையிலயே வளந்தவன்"னு வாயை அடைச்சுட்டார்.

ரெண்டு மாசம் முன்னாடி பேக்கரிக்காரர் ஜெனரேட்டர் வேண்டாம்னார். "எழுதி வச்சுக்கோங்க, ஒரு வாரத்துல கரண்ட் போகும்"னார் அப்பா. போச்சு! அந்தத் தெரு மட்டும். மறுநாளே பேக்கரிக்காரர் ஓடி வந்து, "உங்கப்பாவுக்குக் கருநாக்குமா, இன்னும் ஆறு மாசம் போட்டுக்கோ"ன்னார். அடுத்து அச்சகம். அப்புறம் ஐஸ் கம்பெனி. நாங்க எல்லாரும் கருநாக்கு கருநாக்குன்னு விழுந்து விழுந்து சிரிச்சோம்க்கா.

வாடகை முடியற தேதிக்கெல்லாம் காலண்டர்ல சிவப்பு வட்டம் போடறது நான்தானே. இன்னைக்கு அடுத்த மாசத்துக்குப் போடும்போது பழைய தாளைப் புரட்டினேன். கரண்ட் போன மூணு நாளும் வட்டத்துக்கு முந்தின நாள். மூணுமே.

சும்மா தற்செயல்னுதான் நெனச்சேன், சத்தியமா. சாயங்காலம் ஒயர் எடுக்க வேன்ல ஏறினா, சீட்டுக்கு அடியில துண்டுல சுத்தி என்னமோ கனமா. பிரிச்சேன். தெருப் பெட்டியில இருக்குமே, அந்தப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒம்போது. "எவனோ கட்டையக் கழட்டிட்டுப் போயிடறான்"னு லைன்மேன் நம்ம ஷெட் வாசல்லயே நின்னு புலம்பினார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் குடுத்தார்!

நாளைக்கு யாரோட வட்டம் தெரியுமா? பிரசவ ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இன்னைக்கே ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

சாப்பிடும்போது அப்பா சொல்றார், "ஒரு ராத்திரி இருட்டுல இருந்தா தானா வந்து கேப்பாங்க."

அம்மா சிரிச்சுக்கிட்டே, "உங்க கருநாக்கை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. அங்க குறைமாசக் குழந்தை ரெண்டு கண்ணாடிப் பெட்டியில இருக்காம்"னாங்க.

அப்பா ஒரு நிமிஷம் சோத்தையே பாத்தார். "அங்க பேட்டரி இருக்கும்"னார். கையைக் கழுவிட்டு எழுந்துட்டார்.

அந்த பேட்டரி வாசல்ல இருக்கிற ரெண்டு லைட்டுக்குத்தான்க்கா. மாட்டும்போது நானும் கூட இருந்தேன். அவருக்கும் தெரியும்.

அவரோட ரப்பர் கிளவுஸையும் அந்தக் கட்டைங்களையும் எடுத்துட்டு வந்து இங்க பக்கெட்டுக்குள்ள வச்சிருக்கேன். ஷெட்ல உருட்டற சத்தம் கேக்குது. தேடறார்.

இரு, வர்றார்.

"பாப்பா, உள்ளயா இருக்க? என் கிளவுஸைப் பாத்தியா?"

எப்படி வாய் வந்துச்சுன்னு தெரியல. "கட்டையும் என்கிட்டதான்பா இருக்கு"ன்னுட்டேன்.

திட்டல. அடிக்க வரல.

லைட் போயிடுச்சு.

கரண்ட் போகலக்கா, கதவுக்கு அடியில ஹால் வெளிச்சம் தெரியுது. வெளியில இருக்கிற சுவிட்சை அவர்தான் அணைச்சார். நம்ம அப்பாக்கா. சின்ன வயசுல நான் இருட்டுக்குப் பயப்படுவேன்னு ராத்திரி முழுக்க லைட் போட்டு வச்ச அப்பா.

வேன் இன்னும் கிளம்பல. அவருக்கு போன் பண்ணு. நீ சொன்னாதான் கேப்பார். இப்பவே பண்ணு.

போன் அடிக்குது.

கதவுக்கு வெளியிலயேதான் அடிக்குது, கீழ, தரைகிட்ட. உக்காந்துட்டார் போல. எடுக்க மாட்டேங்கறார்.

விடாம பண்ணுக்கா.