உட்கார இடம் கேட்ட மின்வில்

விளக்குத் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவளுக்கு ஒரு வெள்ளைச் சுவர்தான் உலகம். எரிகிற விளக்குக்குள் நடப்பதை லென்ஸ் வழியாக அந்தச் சுவரில் பெரிதாக்கிப் பார்ப்பது அவள் வேலை. எதிரெதிரே இரண்டு டங்ஸ்டன் முனைகள், நடுவே வெளிச்சத்தால் ஆன ஒரு பாலம். அதுதான் மின்வில், பட்டறைப் பேச்சில் ஆர்க். நல்ல விளக்கில் அது இரண்டு முனைகளிலும் காலூன்றி அசையாமல் நிற்கும். பதினேழு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பொறுமை வந்துவிட்டதாக அவள் கணவர் ஊரெல்லாம் சொல்வார். அது சுத்தப் பொய்.

அன்று காலை ஏற்றிய பன்னிரண்டு விளக்குகளில் எட்டு ஆடின. மின்வில்லின் கால் முனையின் வலது ஓரத்துக்குத் தாவும், கொஞ்சம் யோசிக்கும், இடது ஓரத்துக்கு ஓடும். பஸ்ஸில் இடம் தேடுகிறவர் மாதிரி ஒரு தவிப்பு. அவை நாடக மேடைக்கான விளக்குகள். அழுகைக் காட்சியில் வெளிச்சம் கண்சிமிட்டினால் சபை சிரித்துவிடும். வாங்கப்போகிற அரங்கின் ஒளிப் பொறியாளர் மூன்று மணிக்கு வருகிறார்.

முனைகள் செய்யும் பிரிவை மூன்று மாதமாகப் பார்த்துக்கொள்பவர் அவள் கணவர். இன்றைய விளக்குகள் தேறினால் பொறுப்பு நிரந்தரம், தேறாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அதே தொகுதியில் மீந்த ஒரு முனையை நுண்ணோக்கியில் வைத்தாள். சின்னக் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. யார் கைவேலை என்று விசாரிக்கவே வேண்டாம். விளக்குக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடிக்கு இருபது வருஷம் மெருகேற்றியவர் அவள் கணவர். வீட்டில் கரண்டியைக்கூட முகம் தெரிகிற வரைக்கும் விடமாட்டார்.

நேரே அவரிடம் போய் நின்றாள். "எலக்ட்ரோடு முனையில சின்னதா ஒரு மொட்டு விட்டிருப்பாங்களே, அது எங்கங்க?"

"அதுவா? பிசிறுன்னு எடுத்துட்டேன்" என்றார் பெருமையாக. "வர்றவங்க மைக்ராஸ்கோப்புல பாப்பாங்களாம். மூணு நாளா நானே உட்கார்ந்து மெருகு போட்டேன். எட்டு விளக்குக்குத்தான் முடிஞ்சுது. எப்படி இருக்கு?"

"அழகா இருக்கு. அந்த மொட்டு மேலதான் ஆர்க் உட்காரும். மத்த இடத்தைவிட அது சூடா இருக்கும், அதனால அங்கயே நிக்கும். உட்கார்ற இடத்தை வழிச்சு எடுத்துட்டு நில்லுன்னா அது எங்க நிக்கும்?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "நல்லா இருக்கிற நாலை மட்டும் காட்டிடலாமா?" என்று மெல்ல ஆரம்பித்தவர், உடனே தலையை ஆட்டினார். "வேண்டாம். நீ அறிக்கையில எழுதறதை எழுது."

அவளுக்கு அவர்மேல் பிரியம் பொங்கியது. கோபமும் குறைந்தபாடில்லை.

"எழுதறது அப்புறம். மொட்டை மறுபடி வளர்க்கலாம், வாங்க."

எரிகிற விளக்கில் ஆவியாகிற டங்ஸ்டன் எங்கும் போய்விடுவதில்லை, திரும்பி வந்து முனையிலேயே படியும். மின்சாரத்தின் துடிப்பைப் பக்குவமாக மாற்றிக் கொடுத்தால், மின்வில் நிற்கிற இடத்தில் சேர்ந்து சேர்ந்து மொட்டு வளர்ந்துவிடும். நாலைந்து மணி நேரம் பிடிக்கும். கையில் இருந்ததும் அவ்வளவுதான்.

எட்டு விளக்குக்கும் அவள் மாறி மாறித் துடிப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு, "உட்காரு கண்ணு, உட்காரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் இப்படிக் கெஞ்சியதில்லை. மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. ஒரு மணிக்கு முதல் விளக்கு அடங்கியது. சத்தம் போட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்து, எழுந்து நின்று ஓசையில்லாமல் கை தட்டினார். மூன்று மணிக்குள் ஏழு அடங்கின. எட்டாவது மட்டும் பிடிவாதமாக ஆடிக்கொண்டே இருந்தது.

மேனேஜருடன் உள்ளே வந்த ஒளிப் பொறியாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. ஒவ்வொரு விளக்காகச் சுவரில் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஆடுகிற விளக்கின் முறை. மேனேஜரின் கை அதன் சுவிட்சை நோக்கிப் போயிற்று.

"அணைக்க வேண்டாம் சார்" என்றார் கணவர். "அது ஆடுதுங்க. காரணம் நான்தான்." மெருகு போட்டதிலிருந்து மொட்டு வளர்த்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மத்த ஏழும் இதே மாதிரி ஆடிட்டு இருந்ததா? எங்க அரங்குல ஆட ஆரம்பிச்சா தூக்கிப் போட்டுடுவோம். அங்கயே வச்சு இப்படி வளர்க்க முடியுமா?"

"முடியும்" என்றாள் அவள். "துடிப்பைத் திருத்தற கருவியை நான் கொண்டு வரேன்."

"அப்ப விளக்கும் வேணும், நீங்களும் வரணும். அந்த எட்டாவதை மட்டும் நீங்களே வச்சுக்கங்க."

பொறியாளரை வாசல்வரை அனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். கணவர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிரிவு உங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர். "ஆனா மெருகு டப்பா அத்தனையும் இன்னும் பத்து நிமிஷத்துல என் மேஜைக்கு வந்தாகணும்."

கணவர் ஓடினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறிக்கைத் தாளை எடுத்தாள். கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில், "முனையில் மெருகு. செய்தவர் என் கணவர்" என்று எழுதினாள். பேனாவை மூடப்போனவள், கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டவரும் அவரே."