இரண்டாம் தொகுதியில் கர்னல்

கிளிநொச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நிரோஜாவுக்கு வேலை. அங்கே பரிசோதனைக்கு வந்திருந்த பெரிய சேர்வரின் நினைவகம் இரண்டு தொகுதிகளாக இருந்தது. சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் தொகுதியைக் கழற்ற முடியவேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. சில நாள் கழன்றது. சில நாள் மாட்டேன் என்றது.

“கர்னல் இடம் மாறுறதை நிப்பாட்டிவிடுங்கோ,” என்றார் பொறுப்பாளர் குகதாசன், திங்கட்கிழமை காலையில். “நான் செய்து பாத்தனான். பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.”

இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல், ஒவ்வொரு தடவை சேர்வரைத் தொடக்கும்போதும் நினைவகத்தில் வேறோர் இடத்தில் போய் அமரும். ஊடுருவ வருபவனுக்கு அது இருக்குமிடம் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

“அது பாதுகாப்பெல்லோ அண்ணை. அதை எடுத்துப்போட்டுக் குடுக்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தாங்கோ,” என்றாள் நிரோஜா.

குகதாசன் கொஞ்சம் யோசித்தார். “வெள்ளி நாலு மணி. அதுக்கு மேல ஏலாது.”

நிரோஜா தினமும் ஒட்டுசுட்டானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவுடன் சேர்வரைத் தொடக்குவாள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம். கர்னல் அமர்ந்த இடத்தைக் குறிப்பாள், தொகுதியைக் கழற்றிப் பார்ப்பாள், மறுபடி தொடக்குவாள். புதன் பின்னேரம் நாற்பத்தொரு தடவை ஆகியிருந்தது. மறுத்தது பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றிலும் கர்னல் இரண்டாம் தொகுதிக்குள்தான் இருந்தது. தான் குடியிருக்கும் இடத்தை அது எப்படிக் கழற்ற விடும்?

கழற்றக்கூடிய பகுதி எதுவென்று சேர்வரிடமே ஓர் அட்டவணை இருந்தது. கர்னல் இடம் தேடும்முன் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கச் சொல்லி நிரல் எழுதினாள். வியாழன் முழுதும் சேர்வர் தொடங்கவேயில்லை. மதியச் சோற்றுப் பெட்டி திறக்கப்படாமலே வீடு போனது. வெள்ளி காலை, தான் ஓர் எண்ணைப் பிழையாக வாசித்திருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். பிறகு பதினெட்டுத் தடவை தொடக்கினாள். கர்னல் பதினெட்டு வேறு வேறு இடங்களில், எல்லாம் முதல் தொகுதிக்குள். இரண்டாம் தொகுதி பதினெட்டுத் தடவையும் கழன்றது.

குகதாசன் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து அவளுடைய குறிப்புகளை ஆறுதலாக வாசித்தார்.

“இடம் குறைஞ்சால் ஒளிக்கிறதும் கொஞ்சம் குறையுமெல்லோ? வாடிக்கையாளர் கேப்பினம்.”

“ஓம் அண்ணை, குறையும். எவ்வளவெண்டு கணக்குப் பாத்து, அவைக்குக் குடுக்கிற அறிக்கையின்ர முதல் பக்கத்திலயே போட்டிருக்கிறன்.”

அவர் அறிக்கையை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினார். அதை வாசித்துவிட்டு, அடியில் அவள் பெயரை எழுதச் சொன்னார்.