தாள் காட்டிய நிறம்

சிவனாண்டி வீட்டில் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் பட்டாளம். அவனும் ஆளெடுப்புக்குப் போனான். வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த எண் அவன் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. உனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்றுதான் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மார்பளவு அரை அங்குலம் குறைந்துவிட்டதாக வீட்டில் கூசாமல் சொன்னான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே வைகுண்டராஜ் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். மண்ணே கிடையாது, கழுவிய தேங்காய் நார்த்தூளில் மிளகாய் நாற்று. உரம் கரைத்த தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. போர்வெல் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், அளந்து அமிலம் விட்டுச் சரிக்கட்ட வேண்டும். சோதனைத் தாளை முக்கினால் மஞ்சள் வரவேண்டும். பச்சை வந்தால் அமிலம் போதாது. அந்தத் தாளைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் மேற்பார்வையாளன் சிவனாண்டியின் வேலை.

தண்ணீர் கலக்குகிற வெள்ளத்தாயிடம் தாளை நீட்டி, "என்னக்கா சொல்லுது?" என்பான், விளையாட்டாகக் கேட்பதுபோல. "மஞ்சத்தான் தம்பி" என்பாள். எழுதிக்கொள்வான். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

தொண்ணூற்று நாலு பங்குனியில் ஒருநாள், காலையிலேயே தொட்டியைக் கலந்து வைத்துவிட்டு வெள்ளத்தாய் தன் மகளின் வளைகாப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். சிவனாண்டி தாளை முக்கினான். மஞ்சளா, பச்சையா? வேறு யாரையாவது கேட்டிருக்கலாம், வெட்கம் விடவில்லை. பச்சையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இன்னும் இரண்டு அளவு அமிலத்தை ஊற்றினான்.

நான்காம் நாள் நாற்றின் நுனியெல்லாம் கருகிவிட்டது. வேர் வெந்துபோயிருந்தது.

"யாருலே கலந்தது?" என்றார் வைகுண்டராஜ்.

"வெள்ளத்தாய்தான் கலந்து வச்சிட்டுப் போனாக."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கிக்கொண்டு, வேலையும் போய், வெள்ளத்தாய் தூக்குச்சட்டியோடு வெளியேறினாள்.

பத்து நாள் சிவனாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் அவள் ஊரான சேத்தூருக்குப் போனான். யாரோ ஒருவரின் தோட்டத்தில் அவள் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னான், கண் விஷயம் உட்பட.

"ஒங்க கண்ணு சங்கதி எனக்கு மொத மாசமே தெரியும்" என்றாள் வெள்ளத்தாய். "அன்னைக்கு மொதலாளி ஏசுறப்ப ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இந்தா சொல்லிருவாக, இந்தா சொல்லிருவாகன்னு."

அவள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளியிடம் ஒப்புக்கொண்டான். தன் வேலை போய்விடும் என்று நினைத்திருந்தான், போகட்டும் என்றும் நினைத்திருந்தான்.

"இப்பவாவது சொன்னியே" என்றார் வைகுண்டராஜ். "நீ இருலே. அந்தம்மாவக் கூட்டியாரச் சொல்லுதேன்."

மறுநாள் சேத்தூருக்குப் போன வேன் காலியாகத் திரும்பி வந்தது. வெள்ளத்தாய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.