நஜ்லாவின் நீலக்கூந்தல்

மெஹர் பானு அந்தப் பொய்யை வாயால் சொல்லக்கூட இல்லை. மாமியார் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டாள், இவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்படி விட்ட பொய் தினமும் தீனி கேட்க ஆரம்பித்துவிட்டது.

கல்யாணமானதும் கணவன் சேக் மைதீன் அவளை ஷார்ஜாவுக்குக் கூட்டிப் போயிருந்தான். காலையில் அவன் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவான். ஒற்றை அறை, தெரியாத பாஷை, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துச் சுவர். அங்கே சாயங்காலமானால் டி.வி.யில் ஜப்பான்காரன் வரைந்த பொம்மைப் படம் ஒன்று அரபியில் ஓடும். நஜ்லா என்று ஒரு பெண். முகத்தில் பாதி கண், இடுப்பு வரை நீலக்கூந்தல், அதில் சிவப்பு ரிப்பன், கையில் வெள்ளை முயல்குட்டி. காணாமல் போன உம்மாவைத் தேடி ஊர் ஊராய்ப் போவாள். மெஹரும் உம்மாவை விட்டுக் கடல் தாண்டி வந்தவள்தானே. அவளோடு சேர்ந்து அழுது, சிரித்து, அரபியும் கொஞ்சம் படித்துக்கொண்டாள். அங்கே அவளுக்கு வாய்த்த ஒரே சேக்காளி நஜ்லாதான்.

கம்பெனி குடும்பத்துக்கு வீடு கொடுப்பதை நிறுத்தியதும் மெஹர் தென்காசிக்குத் திரும்பினாள். கூடவே டி.வி., வீடியோ டெக், ஒரு பெட்டி நிறைய நஜ்லா கேசட்.

மாமியார் ரஹ்மத்துன்னிசா வீட்டில் சினிமா ஓடக்கூடாது. அவள் சொன்னால் வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே அதுதான் சட்டம். முதல் நாள் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து மெஹர் பயந்து பயந்துதான் கேசட்டைப் போட்டாள். டெக்கிலிருந்து அரபி கேட்டதும் மாமியார் கையிலிருந்த முருங்கைக் கீரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டாள், சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“அரபு நாட்டு நல்ல பிள்ளையோட சரித்திரமாட்டி?”

மெஹர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அந்தத் தெருப் பெண்களுக்கு அரபி என்றால் ஓதுவதுதான். அந்த பாஷையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவார்கள், முட்டாளே என்று ஏசுவார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஒரு வாரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அசருக்குப் பிறகு முக்காட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். மெஹர் தமிழில் சொல்லி வருவாள். நஜ்லா சந்தையில் ஆடிப் பாடினால் “தர்மம் கேட்டு அல்லா பேருல பைத்து பாடுதா” என்பாள். ஜப்பான் கோயில் வாசலில் நஜ்லா குனிந்து கும்பிட்டபோது மெஹருக்கு வியர்த்தே விட்டது. “கால்ல முள்ளு குத்திட்டு மாமி, குனிஞ்சி பாக்கா” என்றாள்.

ஒவ்வொரு பாகத்திலும் நஜ்லா தெருவில் போகிறவர்களைப் பார்த்து, “என் உம்மாவைக் கண்டீங்களா?” என்று அரபியில் கேட்பாள். உடனே இங்கே பெண்கள் மொத்தமும், “கெடைப்பா மக்கா, அழாத!” என்று பதில் கொடுப்பார்கள். மாமியார் குரல்தான் முதலில் வரும்.

பக்கத்து வீட்டு ஷமீம் பானு மூன்றாம் வகுப்பு. அவளுக்கு நஜ்லா பைத்தியமே பிடித்துவிட்டது. சிலேட்டெல்லாம் பெரிய பெரிய கண்ணாக வரைந்து வைத்தாள். குற்றாலத்தில் சாரல் விழா, சின்னப் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன அன்று ஓடி வந்தாள். “சாச்சி, நான் நஜ்லாவாப் போவேன்!”

மெஹருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் ஒருத்தியே நேசித்த ஒன்றை இன்னொருத்தியும் நேசிக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அன்றைக்கே உல்லன் நூலை வாங்கிச் சொட்டு நீலத்தில் முக்கிக் கொடியில் காயப்போட்டாள். துண்டைத் தைத்துப் பஞ்சடைத்து முயல்குட்டி செய்தாள்.

கொடியில் நீலக்கூந்தலைப் பார்த்த மாமியார் கேட்டாள், “என்னட்டி இது?”

மெஹர் சொன்னதும் அவள் முகம் மாறியது. “நல்லவங்க வேசத்தக் கட்டி மேடையில ஆடுததா? பாவம்லா! அவுத்துப் போடு.”

ஷமீம் அழவில்லை. மறுநாளிலிருந்து படம் பார்க்க வரவில்லை, அவ்வளவுதான். அவள் பக்கத்தில் இல்லாமல் பார்த்த பாகம் மெஹருக்கு உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு வேஷம் கிடைக்கும், டெக் நின்றுவிடும். சொல்லாவிட்டால் டெக் ஓடும், அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். ரெண்டு நாள் மெஹருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது போய் முன்னால் உட்கார்ந்தாள்.

“மாமி, அது சரித்திரம் இல்ல. ஜப்பான்காரன் பிள்ளைகளுக்கு வரைஞ்ச பொம்மைப் படம். அரபுநாட்டுல வாங்கி அரபியில பேச வச்சிருக்காவ. நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன்.”

முறம் நின்றது. ரஹ்மத்துன்னிசா ஏசுவாள் என்று மெஹர் காத்திருந்தாள். அவள் ஏசவில்லை. எழுந்து போய் ஒரு பழைய போர்வையை எடுத்து டி.வி.யையும் டெக்கையும் சேர்த்து மூடினாள்.

“பொம்மைதான? பிள்ள வேசம் கட்டிட்டுப் போட்டும்” என்றாள். அதற்குப் பிறகு மருமகளிடம் பேச்சே இல்லை.

விழா நாளில் தெருவே குற்றாலத்துக்கு பஸ் ஏறியது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்பதால் மாமியாரும் வந்தாள், மெஹருக்கு நாலு சீட் தள்ளி உட்கார்ந்து. மேடையில் ஒரு கட்டபொம்மன் கர்ஜித்துவிட்டுப் போனான். ஒரு குறத்தி கை பார்த்தாள். பிறகு ஷமீம் ஏறினாள்.

பந்தல் ஓலைக்குள் புகுந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கூந்தலின் நீலம் கரைந்து கன்னத்தில் வழிந்தது. மைக் பிடித்திருந்தவர், “யாரும்மா நீ? நீலச்சாயத் தொட்டியில விழுந்த பொண்ணா?” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஷமீம் முயல்குட்டியை இறுக்கிக்கொண்டு நின்றாள். என்னால்தானே இந்தப் பிள்ளைக்கு இப்படி, என்று மெஹருக்குத் தோன்றியது.

ஷமீம் மைக்கைப் பிடித்தாள். பேசத் தெரிந்த ஒரே அரபியை, நஜ்லா தினமும் கேட்கிற அதே கேள்வியைச் சொன்னாள். “ஹல் ரஐத்தும் உம்மீ?”

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு நின்று முழித்தார்கள்.

“கெடைப்பா மக்கா, அழாத!”

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். ரஹ்மத்துன்னிசா எழுந்தே நின்றிருந்தாள். அவளைத் தொடர்ந்து தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், “கெடைப்பா மக்கா, அழாத!” என்றார்கள். மேடையில் ஷமீம் நீலம் வழியச் சிரித்தாள், நஜ்லா சிரிப்பது மாதிரியே, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து. மெஹர் வெட்கமில்லாமல் அழுதாள்.

பரிசு கட்டபொம்மனுக்குத்தான். திரும்பும் பஸ்ஸில் மாமியார் வந்து மெஹர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெஹரின் மடியில் தூங்கிப்போன ஷமீமின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். பஸ் இலஞ்சி தாண்டியதும் சொன்னாள்.

“நாளைக்கி அசருக்குப் பொறவு அந்தப் போர்வைய எடுத்துரு. அவளுக்கு உம்மா கெடைச்சாளா இல்லியான்னு தெரியாண்டாமா? ஆனா இனிம உள்ளத உள்ளபடி சொல்லணும்.”

“சரி மாமி.”

“அன்னைக்கி வாசல்ல குனிஞ்சால்லா, அது என்னத்துக்கு?”

“அவங்க ஊருச் சாமியக் கும்பிட்டா மாமி.”

“அதான பாத்தேன்” என்றாள் ரஹ்மத்துன்னிசா. “அம்புட்டு நேரம் குனிஞ்சவ முள்ள எடுக்கவே இல்லியேன்னு எனக்கு அன்னைக்கி ராத்திரி பூரா ஒறக்கமே வரல.”