பத்திரிகையில் போட்ட வீடு

எங்கள் குடும்பத்தில் ஒருவரைக் கொல்ல வேண்டுமென்றால் கத்தி வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் பெயரை விட்டுவிட்டால் போதும். என் அப்பா சுந்தரேசனை அவருடைய அண்ணன் பரமசிவம் அப்படித்தான் கொன்றார். ஒருமுறை இல்லை, பதினொரு கல்யாணத்தில் பதினொரு முறை.

அப்பா செய்த குற்றம் என் அம்மாவைக் கட்டிக்கொண்டது. அம்மா சீனக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவள். பேசியது தமிழ், கும்பிட்டது மாரியம்மனை. அவள் வைக்கும் மீன்குழம்புக்குத் தெருவே மூக்கை நீட்டும். பெரியப்பா கண்ணில் அதெல்லாம் படவில்லை, அம்மாவின் முகம்தான் பட்டது. அப்பாவின் பெட்டியைச் சிங்கப்பூரில் தேக்காவிலிருந்த வீட்டிலிருந்து தூக்கி, வாசலோரத் தூண்களுக்கிடையே ஓடும் ஐந்தடிப் பாதையில் வைத்தார். தாத்தா பார்த்துக்கொண்டே நின்றாராம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டார் பத்திரிகை எங்களுக்குத் தபாலில்தான் வரும். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் வரிசையை ஒவ்வொரு பெயராகப் படிப்பார். கடைசியில் அச்சகத்தின் பெயர்வரை படிப்பார். "நல்லா அடிச்சிருக்கான்" என்று மடித்து வைப்பார். சாகும்வரை அவருக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

அதனால்தான் பெரியப்பாவின் பேத்தி ரக்ஷனா, இந்த வருடம் ஈசூனில் என் வீட்டு வாசலுக்கு உதவி கேட்டு வந்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"அத்தை, என் கல்யாண கார்ட்ல கொள்ளுத்தாத்தா வீட்டு போட்டோ போடணும்னு ஆசை. எந்த வீடுன்னுதான் யாருக்கும் தெரியல. தாத்தாவுக்கு இப்ப ரோடு பேர்கூட மறந்துபோச்சு, கண்ணும் சரியா தெரியல. நீங்க லைப்ரரில வேலை பாத்தவங்க, உங்களாலதான் முடியும்னு அப்பா சொன்னாரு."

அவள் அப்பா திலீப், பெரியப்பாவின் மகன். ஐம்பது வருடத்தில் அவன் என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

"தேடிப் பாக்கறேம்மா," என்றேன்.

பெரியப்பா தமிழ்நாட்டில், ஊரில் பிறந்தவர். அப்பாதான் சிங்கப்பூரில், அந்த வீட்டிலேயே பிறந்தவர். அவருடைய பிறப்புச் சான்றிதழில் தெருவும் வீட்டு எண்ணும் இருந்தன. யாரைத் துரத்திவிட்டார்களோ, அவருடைய காகிதத்தில்தான் வீடே இருந்தது. நூலகத்தில் பழைய தெரு விவரப் புத்தகங்களோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். போருக்குப் பிறகு அந்தத் தெருவில் எண்களை மாற்றியிருந்தார்கள். பழைய பதினேழு இப்போது நாற்பத்தொன்று. போய்ப் பார்த்தேன். கீழே புடவைக் கடை, மேலே டியூஷன் சென்டர், பச்சைச் சன்னல்கள். அப்பாவின் பெட்டி எந்தத் தூணோரம் இருந்திருக்கும் என்று நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த வீட்டையா நான் இவர்கள் கையில் எடுத்துக் கொடுப்பேன்?

அங்கிருந்து ஆறு நிமிடம் நடந்தால் ஒரு சந்து. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு நுழைகிற சந்து. வாசல்களில் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதி உள்ளே விளக்குப் போட்டிருப்பார்கள். அங்கே என்ன தொழில் நடக்கிறது என்று தேக்காவில் காய்கறி வாங்குகிற பெண்களும் கேள்விப்பட்டிருப்பார்கள், வீடுகளை அடையாளம் தெரிந்தவர்கள் ஆண்கள்தான். காலையில் மட்டும் கதவுகள் சாத்தியிருக்கும், சந்து பார்க்க லட்சணமாக இருக்கும். அதில் ஒரு நல்ல வீடாகப் பார்த்து, சந்தின் பெயரையும் எண்ணையும் ரக்ஷனாவுக்கு அனுப்பினேன். அவள் நம்ப வேண்டுமே, அதனால் என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை வைத்துக் கண்டுபிடித்ததாக எழுதினேன். காலை வெளிச்சத்தில் எடுத்தால் படம் நன்றாக வரும் என்றும் சேர்த்தேன்.

அச்சாகும் முன் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? ரக்ஷனா எங்கோ மேற்கே இருக்கும் சுவா சூ காங்கில் வளர்ந்த பெண், தேக்கா என்றால் அவளுக்குத் தீபாவளி விளக்குதான். திலீப் வாழை இலை வாங்கக்கூடப் பெண்டாட்டியைத்தான் அனுப்புவான். படம் எடுப்பவன் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஜோகூர்க்காரன். வேறு எவனாவது கண்டுகொண்டாலும் வாயைத் திறக்கமாட்டான். 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று வீட்டில் கேள்வி வருமே. ஆனால் கல்யாணப் பந்தியில் அறுநூறு பேர் உட்காருவார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து இருமிக்கொள்வார்கள். பரமசிவம் குடும்பம் எங்கிருந்து வந்திருக்கிறது பார் என்று ஊரே சிரிக்கும். இரண்டு மாதம் நான் அதை நினைத்து நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பரமசிவத்தின் பேத்தி, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை திலீப்பும் ரக்ஷனாவும் தாம்பாளத்தோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், நடுவில் பத்திரிகை.

"சாமிக்கு வச்சதுக்கப்புறம் மொத கார்ட் உங்களுக்குத்தான் அத்தை. மத்தவங்களுக்கெல்லாம் நாளையிலேருந்து," என்றாள் ரக்ஷனா. "வீடு செம்ம அழகு லா. நம்பர்கூட எவ்ளோ பெருசா வச்சிருக்காங்க, போட்டோல பளிச்சுன்னு விழுந்திருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரித்தேன். வீடு பளிச்சென்றுதான் இருந்தது. பெரியவர்கள் வரிசையில் இரண்டாவதாக அப்பாவின் பெயர் இருந்தது. வீட்டுப் படத்துக்குக் கீழே இன்னொரு முறை இருந்தது: 'தெய்வத்திரு சுந்தரேசன் பிறந்த வீடு.'

"சின்னத் தாத்தா பர்த் சர்டிபிகேட் இல்லன்னா வீடே கெடைச்சிருக்காது இல்ல?" என்றாள். "அவர் பேர் இல்லாம எனக்குக் கார்டே வேணாம்னு சண்டை போட்டேன். தாத்தாவுக்கு ரோடு மறந்துச்சு, பிடிவாதம் மறக்கல. மூணு நாள் கழிச்சுத்தான் சரின்னாரு."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் அப்பாவைப் போய்ச் சுட்டிருந்தது. அறுபது வருடமாக வராத பெயர் வந்து, நான் தேர்ந்தெடுத்த அந்த வாசலில் நின்றது. சிரிக்கப்போகிற அறுநூறு பேரும் இனி அவரைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். பேசாமல் இருந்தால் அந்த அசிங்கத்தோடு பெயர் இருக்கும். சொன்னால் பெயரே போய்விடலாம். அவர்கள் காப்பியைக் குடித்து முடித்தார்கள்.

"ரக்ஷனா, இது நம்ம வீடு இல்லம்மா," என்றேன்.

சொன்னேன். எந்தச் சந்து, என்ன தொழில், ஏன் அனுப்பினேன், எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தொன்று என்று நிஜ எண்ணையும் தெருவையும் எழுதிக் கொடுத்தேன். "பத்திரிகைய மாத்திடுங்க. எங்கப்பா பேர மட்டும் எடுத்துடாதீங்க. தப்பு என்னுது, அவரோடது இல்ல." அந்தக் குடும்பத்திடம் நான் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

ரக்ஷனா பத்திரிகையை மூடி வைத்தாள். "நான் உங்களுக்கு என்ன அத்தை செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல," என்றேன். என் அம்மாவும் ஒன்றும் செய்யவில்லை என்று நுனிநாக்குவரை வந்தது. அதைச் சொல்கிற யோக்கியதை அப்போது எனக்கு இல்லை.

திலீப் எழுந்தான். தாம்பாளத்தை அப்படியே விட்டுவிட்டுப் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டான். "உங்க சகவாசமே வேணாம்னு அப்பா ஏன் சொன்னாருன்னு இப்பத்தான்க்கா புரியுது," என்றான்.

பத்து நாளில் புதுப் பத்திரிகை வந்தது. பச்சைச் சன்னல்களோடு தாத்தா வீடு அழகாக விழுந்திருந்தது. அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. இதற்குப் பெரியப்பாவைத் திட்ட முடியாது. இந்த முறை எடுத்தது நான்.